எலும்புக்குக் கட்டிய சாரம்

படப்பைக்குச் சென்று வருவோர் இரண்டு காட்சிகளைக் காணத் தவறமாட்டார்கள். ஒன்று, தெருத்தோறும் எழும்பிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடங்கள். மற்றொன்று, வண்டலூர் - வாலாஜாபாத் நெடுஞ்சாலையில் வேலைமுறை மாறும் நேரங்களில் விரையும் இருசக்கர வாகனங்கள். ஏரிப் பாசனத்தையும் நெல்வயலையும் நம்பி வாழ்ந்த இவ்வட்டாரம், இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும் ஒரகடத்தில் 2010-லும் மோட்டார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர்த் தொழிலாளர் குடியிருப்பாக மாறிவிட்டது.

அக்கட்டடங்களில் ஒன்றின் எதிரே சற்று நின்று பாருங்கள். சுவரைச் சுற்றிலும் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துச் சாரம் கட்டியிருப்பார்கள். கொத்தனாரும் சித்தாளும் அதன்மேல் நின்றுதான் சுவரை உயர்த்துகிறார்கள். சுவர் எழுந்து, பூச்சும் முடிந்தபின் சாரம் அவிழ்க்கப்படுகிறது. குடிபுகும் நாளில் அது நின்ற சுவடும் இராது. முன்னதாக அவிழ்த்தால் வேலை நின்றுபோகும்; அவிழ்க்காமலே விட்டுவிட்டாலோ வீடு வீடாக இராது. சாரத்தின் கடமை தாங்குவது மட்டுமன்று. உரிய காலத்தில் விலகிக்கொள்வதும் அதன் கடமையே.

அந்நெடுஞ்சாலையில் விழுந்து கால் எலும்பு நொறுங்கிய ஓர் இளைஞனுக்கு இப்போது இதே போன்றதொரு சாரம் தேவைப்படலாம். உடலுக்குள்ளே, முறிந்த எலும்பின் இரு முனைகளுக்கும் இடையே, புது எலும்பு வளரும்வரை நின்று, வளர்ந்தபின் தானே கரைந்து மறையும் சாரம் அது. தோல், எலும்பு, மீன் செதிள், இறால் ஓடு, பட்டு ஆகிய இயற்கைப் பொருள்களிலிருந்து அதனை உருவாக்க உலகெங்கும் அறிஞர்கள் முயன்று வருகின்றனர். இம்முயற்சியின் வரலாற்றில் சென்னை மாநகருக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. நம் சமுதாயத்தார் பலர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தோல் தொழிலுக்கும் அதில் பங்குண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கண்ட எலும்பு

எலும்பு முறிவைக் கட்டும் கலை மிகப் பழமையானது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் புத்தூர்க் கட்டினை அறியாத தமிழர் இலர். எனினும் எலும்பைப் பற்றிய அறிவை நூலாக்கி, பின்வந்தோர் கற்கும்படி முறைப்படுத்திய பெருமையில் முஸ்லிம் மருத்துவ மேதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரையடுத்த அஸ்ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, கி.பி. 1013-ஐ ஒட்டி மறைந்தார். அவர் இயற்றிய 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவக் களஞ்சியம் 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்திற்குரியது. அதன் மூன்றாம் பிரிவு முழுவதும் எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் பற்றியது. விழுந்துவிட்ட பல்லுக்கு மாற்றாக, மாட்டெலும்பைப் பல் வடிவில் செதுக்கிப் பொருத்தலாம் என்றும் அவர் எழுதினார். விலங்கின் எலும்பை மனித உடலின் குறைக்கு நிரப்பாகக் கொள்ளும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நூலேறிவிட்டது என்பதை ஈண்டு மனத்திற்கொள்ள வேண்டும்.

அவருக்குப் பின்வந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162-1231) எகிப்தில் இருந்தபோது, 1200-க்கும் 1202-க்கும் இடையே அந்நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மாண்டோரின் எலும்புகள் குவிந்து கிடந்த இடங்களுக்குச் சென்று அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மேதை காலன் எழுதியிருந்ததை ஆயிரம் ஆண்டுகளாக எல்லோரும் ஏற்று வந்தனர். அது ஒரே எலும்புதான் என்று அல்பக்தாதி கண்டார். பெரியோர் சொல்லினும் தம் கண்ணால் கண்டதே வலிய சான்று என அவர் துணிந்து எழுதியது, அறிவுலகிற்கு அவர் விட்டுச்சென்ற அரிய பாடமாகும்.

ஐரோப்பாவில் இத்துறையில் முதன்முதலாகப் பேசப்படும் நிகழ்ச்சி வேறு வகையானது. ஜாப் வான் மீகரன் என்னும் டச்சு மருத்துவரின் 1668-ஆம் ஆண்டு நூலில் அது காணப்படுகிறது. மண்டையோட்டில் வெட்டுப்பட்ட ஒரு ருஷ்ய வீரனுக்கு, நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து அடைத்து ஆற்றினார்களாம். மனிதத் தலையில் நாயின் எலும்பு இருப்பதைத் திருச்சபை ஏற்காமல் அவனை விலக்கி வைத்தது. அவன் மீண்டும் மருத்துவரிடம் வந்து அதனை எடுத்துவிடும்படி வேண்டினான். ஆனால் எலும்பு ஒன்றியிருந்தமையால் எடுக்க இயலவில்லை என்பது கதை. உடம்பில் வைக்கும் பொருள் எந்த உயிரினத்திலிருந்து வந்தது என்னும் வினா, மருத்துவத்தின் கேள்வியாக மட்டுமன்றி மனச்சான்றின் கேள்வியாகவும் அன்றே எழுந்துவிட்டது.

எலும்பு என்னும் கட்டடம்

எலும்பு தானே கூடும் ஆற்றல் உடையது. முறிந்த முனைகளை நேராக்கி அசையாமல் வைத்திருந்தால், இளம் எலும்பு தோன்றி இடைவெளியை மூடிவிடும். ஆனால் விபத்தினாலோ, புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதனாலோ எலும்பின் ஒரு பகுதியே இல்லாமற் போய்விட்டால், அந்த இடைவெளியைத் தாண்ட உடலால் இயலுவதில்லை. அப்போது மருத்துவர்கள் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டியெடுத்து வைக்கிறார்கள். இன்றளவும் இதுவே நம்பகமான முறை. ஆயினும் ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண்ணை உண்டாக்க வேண்டியிருக்கிறது. எடுக்கத்தக்க எலும்பின் அளவும் சிறிது.

இதற்கு மாற்றுத் தேட வேண்டுமானால் எலும்பு எதனால் ஆனது என்பதை அறிய வேண்டும். எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் கலந்த கனிமம். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீர். எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். கனிமம் மட்டும் இருந்தால் எலும்பு ஓடுபோல் உடையும். கொலாஜன் மட்டும் இருந்தால் தோல்வார்போல் வளையும். இரண்டும் கூடியதனால்தான் அது உடலைத் தாங்குகிறது. சிமெண்டுத் தளத்திற்குள் இரும்புக் கம்பி செய்யும் வேலையை எலும்பிற்குள் கொலாஜன் செய்கிறது எனலாம்.

கொலாஜன் என்னும் சொல்லுக்குப் 'பசை தருவது' என்பது பொருள். தோலையும் எலும்பையும் நீரிலிட்டுக் காய்ச்சித் தச்சர்கள் எடுக்கும் வச்சிரப் பசை, உருக்குலைந்த கொலாஜனேயாகும். விலங்கின் தோலிலும் மனித எலும்பிலும் தசைநாணிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வகைக் கொலாஜன்தான். தோல் மண்டியில் அடுக்கிக் கிடக்கும் ஆட்டுத்தோலுக்கும் நம் எலும்பிற்கும் இத்துணை நெருங்கிய உறவு உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

1948-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தோல் தொழிலின் பெரும்பகுதி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தமையே அது இங்கு அமைந்ததற்குக் காரணம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலும் சென்னைப் பெரியமேட்டிலும் நம்மவர் நடத்திய தோல் ஷாப்புகளும் மண்டிகளும் உலகச் சந்தையோடு தொடர்பு கொண்டிருந்தன.

அந்நிலையத்திற்கு அண்மையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் 1952-ல் பௌதிகத் துறைப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார் ஜி.என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது முப்பதை எட்டவில்லை. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரின் ஆதரவு அவருக்கு வாய்த்தது. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று உரையாடலில் குறிப்பிட்டார். அந்த ஒரு சொல் விதையாயிற்று. இராமச்சந்திரனும் அவருடைய உடனாய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் பிடித்து, அப்படத்தின் புள்ளிகளைக் கொண்டு உள்ளமைப்பைக் கணித்தனர். 1954-ல் 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுதான்: கொலாஜன் மூன்று இழைகளாலான புரி.

கயிறு திரிப்போர் மூன்று பிரிகளை ஒன்றாக முறுக்குவது போன்றதே இது. ஒவ்வோர் இழையும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்களை மணிகள்போல் கோத்த மாலை. இவ்வாறு சிற்றலகுகள் தொடர்ந்து கோத்த நெடும்பொருளைப் பாலிமர் என்பர். அம்மாலையில் மூன்றாவது மணி தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமிலமே வரும். மூன்று இழைகளும் நெருங்கும் நடுவிடத்தில் வேறெதுவும் அடங்காது. ஆயிரம் மணிகளில் ஒரே ஒரு கிளைசின் பிறழ்ந்தாலும், தொட்டால் முறியும் எலும்போடு குழந்தை பிறக்கும் நோய் உண்டாகக்கூடும். படைப்பின் நுட்பத்தை எண்ணி வியவாதிருக்க முடியுமா?

மறு ஆண்டே ரிச், கிரிக் ஆகிய மேனாட்டு அறிஞர்கள் அவ்வமைப்பில் சில திருத்தங்களைக் கூறினர். இழைகளுக்கிடையே உள்ள பிணைப்புகள் எத்தனை என்பது பற்றி விவாதம் நெடுநாள் நடந்தது. எனினும் மூவிழைப் புரி என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. அவ்விவாதத்திற்கு விடை தேடும் முயற்சியில்தான், புரத அமைப்பை ஆராய்வோர் இன்று நாள்தோறும் பயன்படுத்தும் 'இராமச்சந்திரன் வரைபடம்' 1963-ல் உருவாயிற்று. 2001-ல் சென்னையிலேயே மறைந்த அப்பேரறிஞருக்கு நோபல் பரிசு கிட்டவில்லை.

பதனிடுதலின் பாடம்

தோலைப் பதனிடுவது என்றால் என்ன? பச்சைத் தோல் அழுகும். வெந்நீரில் 60 முதல் 65 பாகை செல்சியசில் சுருண்டுவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ச்சத்து உள்ளே ஏறியதும், கொலாஜன் இழைகளிடையே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. குரோம் உப்பால் பதனிட்ட தோலோ கொதிநீரையே தாங்கும். கிருமியும் நொதியும் அதனை எளிதில் அரிக்க முடிவதில்லை.

பதனிடுவதால் தோல் தூய்மையாகிறது என்னும் மார்க்கச் சட்டத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். பன்றியின் தோலுக்கு அச்சலுகை இல்லை. 'தபாகத்' எது என்று வரையறுக்கும் ஃபிக்ஹு நூல்கள், துவர்ப்பும் காரமும் உள்ள பொருளால் தோலின் கசிவை நீக்க வேண்டும் என்றும், அதன்பின் நீரில் ஊறவைத்தாலும் நாற்றமும் அழுகலும் மீளக் கூடாது என்றும் விளக்குகின்றன. வெயிலில் உலர்த்துவது மட்டும் போதாது என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் கூறியதன் காரணமும் இதுவே. உலர்ந்த தோல் நனைந்தால் மீண்டும் அழுகும். பதனிட்ட தோல் அழுகாது. உலர்த்துதல் வேறு, பிணைத்தல் வேறு என்பதை இன்றைய வேதியியலும் உரைக்கிறது.

எலும்புச் சாரத்தின் மையமான சிக்கலும் இதுவேயாகும். தூய கொலாஜனைக் கரைத்து, உறையவைத்து, நீரை ஆவியாக்கினால் துளைகள் நிறைந்த பஞ்சு கிடைக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறையாத அத்துளைகளின் வழியே எலும்பணுக்களும் குருதி நாளங்களும் உட்புகும். ஆனால் அப்பஞ்சை அப்படியே உடலில் வைத்தால் சில வாரங்களில் நொதிகள் அதனைக் கரைத்துவிடும். எலும்பு வளரவோ பல மாதங்கள் வேண்டும். ஆகவே தோலைப் பதனிடுவதுபோல் அதன் இழைகளையும் பிணைத்தாக வேண்டும்.

பதனிடுவோருக்கும் மருத்துவருக்கும் வேற்றுமை இங்குதான் தோன்றுகிறது. செருப்பு நெடுங்காலம் உழைக்க வேண்டும். சாரமோ தவணை முடிந்ததும் மறைய வேண்டும். மேலும் குரோம் உப்பு உயிரணுக்களுக்கு ஆகாது. தோல் பதனிடப் பயன்பட்ட குளூட்டரால்டிகைடு என்னும் வேதிப்பொருளால் விலங்கின் இதய வால்வுகளைப் பக்குவப்படுத்தி மனிதருக்குப் பொருத்தும் முறை 1960-களின் இறுதியில் பாரிஸில் தோன்றியது. ஆயினும் அதன் எச்சம் வளரும் அணுக்களுக்கு நஞ்சாவதால், எலும்புச் சாரத்திற்குத் தாவரத் துவர்ப்பொருள் போன்ற மென்மையான பிணைப்பான்களை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். கடுக்காய்த் தொட்டியின் அனுபவம் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் பயன்படத் தொடங்கியிருக்கிறது.

முயற்சியும் எல்லையும்

1965-ல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் ஒரு விந்தையைக் கண்டார். எலும்பிலுள்ள கனிமத்தை அமிலத்தால் நீக்கிவிட்டு, எஞ்சிய புரதப் பகுதியை விலங்கின் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இல்லாத அவ்விடத்தில் புது எலும்பு தோன்றியது. எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் அதில் மறைந்திருக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2002-ல் அமெரிக்க அரசு, அத்தகைய புரதத்தை மாட்டுக் கொலாஜன் பஞ்சில் ஏற்றி முதுகெலும்பு அறுவையில் பயன்படுத்த இசைவளித்தது. ஆனால் இசைவு பெறாத கழுத்துப் பகுதியில் அதனைச் சிலர் பயன்படுத்தியபோது, வீக்கத்தால் மூச்சுத் திணறும் நிலை ஏற்பட்டமையால் 2008-ல் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. நல்ல மருந்தும் இடமறிந்து இடப்பட வேண்டும்.

நம் நாட்டிலும் முயற்சிகள் குறைவல்ல. அடையாற்று நிலையம் தீப்புண்ணுக்கான கொலாஜன் படலங்களை ஆராய்ந்ததோடு, எலும்புச் சாரத்திலும் கருத்துச் செலுத்தியுள்ளது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இறால் ஓட்டிலிருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கும் முறைகளை வளர்த்தது. கைட்டோசானையும் பட்டுப் புரதத்தையும் எலும்புக் கனிமத்தோடு கலந்து சாரமாக்கும் ஆய்வுகள் பல இடங்களில் நடைபெறுகின்றன.

எனினும் வாசகர்கள் மிகையாக நம்பிவிடலாகாது. பல்லெலும்புக் குழிகளையும் சிறு வெற்றிடங்களையும் நிரப்பத்தக்க பொருள்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டன. ஆனால் உடலின் பாரத்தைத் தாங்கும் தொடையெலும்பில் நீண்ட பகுதி அழிந்துபோனால், இன்றும் உலோகத் தகடும் நோயாளியின் சொந்த எலும்புமே துணை. கொலாஜன் பஞ்சு பாரம் தாங்காது. சாரத்தின் நடுப்பகுதிவரை குருதி நாளங்கள் விரைந்து சென்று சேர்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் வென்றவற்றுள் மிகப் பல, மனிதரை இன்னும் வந்தடையவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

பல்லெலும்புச் சிகிச்சையில் வைக்கப்படும் கொலாஜன் படலங்களில் சில மாட்டிலிருந்தும் சில பன்றியிலிருந்தும் எடுக்கப்படுபவை. இதனை நோயாளிக்கு எடுத்துரைக்கும் வழக்கம் எங்கும் ஒருபடித்தாக இல்லை. நம் வாசகர்கள் தயங்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாட்டுப் பொருளை ஏற்க மனம் ஒவ்வாத இந்துச் சகோதரர்களுக்கும் இவ்வுரிமை உண்டு.

1995-ல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹுக் கருத்தரங்கு, தன்மை முற்றும் மாறிய பொருளுக்குப் பழைய சட்டம் பொருந்தாது என்று கூறி, ஜெலட்டினை அதற்கு எடுத்துக்காட்டாக்கியது. இதனை ஏற்காத ஆலிம்களும் உளர். இங்கு அறிவியல் கூறும் ஒரு வேறுபாட்டை மார்க்க அறிஞர்கள் கருத வேண்டும். ஜெலட்டினில் மூவிழைப் புரி அவிழ்ந்துவிடுகிறது. கொலாஜன் படலத்திலோ அப்புரியைக் கெடாமல் காப்பதுதான் தயாரிப்பாளரின் நோக்கம். எனவே முன்னதற்குச் சொன்ன தீர்ப்பைப் பின்னதற்கு அப்படியே நீட்டலாமா என்பது தனியே ஆராயத்தக்கது.

மீன் இச்சிக்கலைத் தீர்க்குமே என்று தோன்றும். தீர்க்கக்கூடும், ஆனால் எளிதன்று. குளிர்கடல் மீனின் கொலாஜன் நம் உடல் வெப்பமான 37 பாகைக்கு வெகு கீழேயே உருக்குலைந்துவிடும். வெப்பநாட்டு மீனின் கொலாஜன் அதைவிட உறுதியானது. அதனையும் பிணைத்து வலுப்படுத்தினால்தான் உதவும். நம் கரையோர மீன்களின் செதிள்கள் இவ்வகையில் நம்பிக்கை தருகின்றன.

பாலாறும் ஒரகடமும்

தோல் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் அதன் கறையை மறைத்தல் நேர்மையன்று. பாலாற்றங்கரைக் கிணறுகளும் நிலங்களும் ஷாப்புக் கழிவுநீரால் கெட்டன. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் கழிவையெல்லாம் மருந்தாக்கி அக்கறையைத் துடைத்துவிடலாம் என்று கருதுவதும் தவறு. குரோம் ஏறிய சீவல்கள் மருத்துவத்திற்கு உதவா. பதனிடுமுன் வெட்டப்படும் பச்சைத் தோல் துணுக்குகளும் தசைநாண்களும்தான் பயன்படும். அதற்கும் நோயற்ற விலங்கு, தூய கையாளுகை, ஒவ்வொரு துணுக்கிற்கும் பிறப்பிடக் கணக்கு ஆகியவை வேண்டும். மருத்துவத்திற்குத் தேவைப்படும் அளவும் சிறிதே.

ஆனால் தோலை அறிந்த கை உண்டு. அந்த அறிவு சிறிதன்று. இந்தத் தொழிலின் வருவாயிலிருந்துதான் நம் முன்னோர் கல்விக்கு வாரி வழங்கினர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லும் சென்னைப் புதுக்கல்லூரி 1951-லும் தோன்றியதன் பின்னே தோல் வணிகப் பெருமக்களின் கொடை நின்றது. தோலில் ஈட்டியதைக் கல்வியில் இட்டவர்கள் அவர்கள். அக்கல்வியைக் கொண்டு தோலின் மறைபொருளை ஆராயும் கடன் அவர்தம் பேரர்களுக்கு உண்டு.

அதற்கான களமும் அருகிலேயே அமைந்து வருகிறது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அதற்கென ஒதுக்கப்பட்ட 350 ஏக்கர் நிலம் ஒரகடத்தில், படப்பைக்குப் பக்கத்திலேயே உள்ளது. மோட்டார் உறுப்புகளைக் கோக்கும் கைகள் நாளை மனித உறுப்புக்கான பொருள்களையும் ஆக்கக்கூடும். அப்போது ஆய்வுக்கூடத்தில் கொலாஜனைப் பக்குவப்படுத்துவோராக, அதன் மூலத்தைச் சரிபார்த்துச் சான்றளிப்போராக, அது குறித்து மார்க்கத் தெளிவு தருவோராக நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும். பெற்றோர்கள் தம் மக்களுக்கு உயிர்வேதியியலையும் பொருளறிவியலையும் இன்றே அறிமுகம் செய்வார்களாக.

படப்பைத் தெருவில் கம்புகளை அவிழ்க்கும் தொழிலாளியை வீட்டுக்காரர் அடுத்த நாள் மறந்துவிடுவார். எலும்புச் சாரமும் அவ்வாறே. அது கரைந்தபின் நோயாளி தன் சொந்தக் காலால் நடந்து வேலைக்குப் போவான். தன்னைத் தாங்கியது எது என்று அவனுக்கு நினைவிராது. தோல் தொட்டியில் கைகள் துவர்க்க உழைத்த நம் பாட்டன்மாரும் அப்படித் தாங்கியவர்களே. அவர்களை மறவாதிருப்பது நம் கடமை.